நாகர்கோவிலில் ஒரு வீட்டுத்தறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோஷாவும் ஊசிப் பின்னலும் தெரிந்தவர்கள் தறிப்பக்கம் வரும்போது என்னிடம் கேட்கிற கேள்விகளைத் திரட்டி, நான் சொல்கிற பதில்களோடு இங்கே வைத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் தறியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஓரம் முடிப்பது, கழுவுவது, தேய்ப்பது பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. துணி கெட்டுப்போவது என்னவோ அங்கேதான். அதனால் அந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

அக்கா, எனக்குக் குரோஷா நன்றாக வரும். முதலில் எந்தத் தறி வாங்கலாம்?

வாங்குவதற்கு முன் என்ன நெய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். சுவரில் மாட்டும் படம் என்றால் நான்கு சட்டமும் கொஞ்சம் ஆணியும் போதும், அதற்குக் கடைத்தறி வேண்டாம். துண்டு, மேசை விரிப்பு, சால்வை என்றால் ரிஜிட் ஹெடில் என்கிற மேசைமேல் வைக்கும் தறிதான் சரி. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல் பாவு, குறுக்கே ஓட்டும் நூல் ஊடை. இந்தத் தறியில் பாவு நூல்களைப் பிரித்துக் கொடுக்கும் விழுதும், ஊடையை அடித்து நெருக்கும் அச்சும் ஹெடில் என்கிற ஒரே பலகையாக இருக்கும். பலகையைத் தூக்கினால் ஊடை போக ஒரு வழி திறக்கும், தாழ்த்தினால் இன்னொரு வழி. மிதிக்கட்டை கிடையாது. குரோஷா ஊசி பிடித்த கைக்கு இது ஒரே மாலையில் பழகிவிடும்.

நியூசிலாந்தின் ஆஷ்ஃபோர்ட், அமெரிக்காவின் ஷாக்ட் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. ஷாக்டின் கிரிக்கெட் தறி 10 அங்குலம், 15 அங்குலம் என இரண்டு அகலத்தில் வருகிறது. சுங்கவரியும் அனுப்பும் செலவும் சேர்ந்தால் விலை கையைக் கடிக்கும். இந்தியாவிலேயே மரத்தறி செய்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் முதலில் விசாரியுங்கள். அகலத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். 10 அங்குலத் தறியில் நெய்தது கழுவிய பிறகு 8 அங்குலச் சொச்சம்தான் தேறும். கழுத்துத்துணி வரும், கைத்துண்டு வராது. இடம் இருந்தால் 20 அல்லது 24 அங்குலம் எடுங்கள். அகலத் தறியில் குறுகலான துணி நெய்யலாம், குறுகலான தறியில் அகலத் துணி நெய்ய முடியாது.

பின் லூம் என்று, சுற்றிலும் ஊசி வைத்த சின்னச் சதுரச் சட்டம் ஒன்று விற்கிறார்களே?

குரோஷாக்காரர்களுக்கு நல்ல வாசல். ஷாக்டின் ஜூம் லூமில் நான்கு அங்குலச் சதுரம் வரும். ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய எட்டு கஜம் நூல் போதும். மிச்சம் மீதி நூலெல்லாம் அதில் தீரும். சதுரங்களைக் குரோஷாவால் இணைத்தால் விரிப்பு. பேருந்தில்கூட நெய்யலாம். ஆனால் இதில் பாவு கட்டக் கற்றுக்கொள்ள முடியாது என்பதை நினைவில் வையுங்கள்.

நம்மூர்த் தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ள முடியாதா?

சட்டத்தைத் தாராளமாகச் செய்யலாம். நம் மாவட்டத்தில் அயனியும் பலாவும் தேக்கும் கிடைக்கும், நல்ல வேலைக்காரர்களும் இருக்கிறார்கள். மரம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத நிபந்தனை. நூறு, இருநூறு பாவு நூல்கள் சேர்ந்து இழுக்கும்போது பச்சை மரம் கோணிவிடும்.

ரப்பர் மரம் மலிவு என்பார்கள். குலசேகரம் பக்கம் கேட்டால் எளிதாகக் கிடைக்கும். ஆனால் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தாத ரப்பர் மரத்தில் வண்டு விழும், தறிக்குக் கீழே மாவு கொட்டும். மருந்தேற்றிய பலகை என்று உறுதியானால் மட்டும் எடுங்கள்.

ஹெடில் பலகையை மட்டும் கடையில் வாங்குங்கள். அங்குலத்துக்குப் பத்து நூல் என்றால் நூலுக்கு நூல் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி, அது முழு அகலத்துக்கும் மாறாமல் வர வேண்டும். துளையின் விளிம்பில் துளி சொரசொரப்பு இருந்தாலும் பாவு நூலை அறுத்துவிடும். அக்ரிலிக்கில் லேசரால் வெட்டித் தருகிறவர்கள் உண்டு. வெட்டிய பிறகு ஒவ்வொரு துளையையும் உப்புக்காகிதத்தால் தேய்க்கும் பொறுமை உங்களுக்கு இருந்தால் முயலலாம்.

வடசேரியிலும் இரணியலிலும் கைத்தறி இருக்கிறதே, அங்கே போய்க் கற்கலாமா?

போக வேண்டும். படத்தில் பார்ப்பதும், கால் வைக்கத் தரையில் குழி வெட்டிய குழித்தறியின் பக்கத்தில் நிற்பதும் ஒன்றல்ல. பாவு எப்படி ஒரே இறுக்கத்தில் நிற்கிறது, ஊடைக்கான தார்க்குச்சியில் நூல் எப்படிச் சீராகச் சுற்றியிருக்கிறது, அறுந்த இழையை எத்தனை வேகத்தில் முடிச்சிட்டுச் சேர்க்கிறார்கள் என்று கவனியுங்கள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் புணைக்கும் வேலையைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். அதே வித்தையை வீட்டுத்தறியிலும் செய்யலாம்: ஒரே அகலத்தில் அடுத்த துணி நெய்யப் போகிறீர்கள் என்றால், பழைய பாவை முழுதும் உருவாமல் நுனிகளில் புது நூலை முடிந்து இழுத்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம். அவர்களுக்கு நெய்த துணிக்குத்தான் கூலி. ஓடுகிற தறியை நம் கேள்விக்காக நிறுத்தினால் அது அவர்கள் வருமானம். முன்கூட்டிச் சொல்லி, அவர்கள் ஓய்வாக இருக்கும் நேரத்தில் போங்கள். திரும்பும்போது ஒரு வேட்டியோ, தோர்த்து என்கிற மெல்லிய துண்டோ விலை பேசாமல் வாங்கி வாருங்கள்.

கேரள எல்லை தாண்டி நெடுஞ்சாலையில் போனால் பாலராமபுரம். அங்கே நெசவு வேரூன்றியது பாலராம வர்மா ஆட்சியில் (1798–1810), நம் பக்கத்திலிருந்து போய்க் குடியமர்ந்த சாலியர் குடும்பங்களால் என்பார்கள். இந்த ஊர்கள் எல்லாம் அப்போது ஒரே திருவிதாங்கூர்தானே. 1956 நவம்பர் 1-ல்தான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதனால் நேரியல் (மேல்துண்டு), தோர்த்து என்று நம் வீட்டில் புழங்கும் துணி வகைகள் அங்கேயும் அப்படியே இருக்கின்றன.

என்ன நூல் வாங்குவது? 2/20 என்றெல்லாம் சொல்கிறார்களே, ஒன்றும் புரியவில்லை.

இதைப் புரிந்துகொண்டால் பாதி நெசவு வந்த மாதிரி. பருத்தி நூலுக்கு எண் போடுவது இப்படி: 840 கஜம் கொண்டது ஒரு கழி. ஒரு பவுண்டு எடையில் எத்தனை கழி வருகிறதோ அதுதான் நூலின் எண். 20-ஆம் எண் என்றால் பவுண்டுக்கு 20 கழி. எண் கூடக் கூட நூல் மெலியும். 2/20 என்பது 20-ஆம் எண் நூல் இரண்டை முறுக்கியது. அப்போது நீளம் பாதியாகும். கிலோவுக்கு ஏறக்குறைய 16.9 கிலோமீட்டர்.

வீட்டுத்தறியில் அங்குலத்துக்குப் பத்து நூல் பிடிக்கும் ஹெடிலுக்கு 2/20 நூல் மிக மெல்லிசு. கொசுவலை மாதிரி வரும். ஐந்து இழையைச் சேர்த்து ஒன்றாகச் சுற்றிக்கொண்டால் சரியாக இருக்கும். அப்போது 100 கிராமில் சுமார் 339 மீட்டர். சேர்த்துச் சுற்றும்போது ஐந்தும் ஒரே இறுக்கத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் ஓர் இழை மட்டும் தொங்கி வளையம் வளையமாக நிற்கும்.

கடையில் வாங்கிய குரோஷா நூலுக்கு எண் தெரியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. அளவுகோலில் ஓர் அங்குல அகலத்துக்கு, இடைவெளி விடாமலும் நெருக்காமலும் நூலைச் சுற்றி எண்ணுங்கள். 20 சுற்று வந்தால் அதில் பாதி, அதாவது அங்குலத்துக்கு 10 பாவு நூல். சாதா நெசவுக்கு இந்தக் கணக்கு போதும்.

பாவுக்கு எடுக்கும் நூலை ஒரு முறை கையால் சுண்டி இழுத்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி பிரிந்து வந்தால் அது ஊடைக்கு மட்டும்.

கம்பளி நூல்?

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் யார் போடுவார்கள்? ஊட்டியில் உறவினர் இருந்தால் நெய்து அனுப்புங்கள். கடைகளில் கம்பளி என்று தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதில் பாவு கட்டிப் பழகுவதில் தப்பில்லை, ஆனால் சூடான இஸ்திரிப்பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், துவண்டுவிடும்.

மீன்வலை நூல், வாழைநார் இதையெல்லாம் பயன்படுத்தலாமா?

வலைநூலைத் துணிக்குள் நெய்ய வேண்டாம், தறிக்குப் பயன்படுத்துங்கள். கட்டைகளைக் கட்டவும் கூடுதல் விழுது முடியவும் அது அருமையான பொருள். நைலான் இழுபடும் என்பதால் விழுதுக்கு இழுபடாத பாலியஸ்டர் கயிறு கேளுங்கள். அப்புறம், குளச்சல், முட்டம் பக்கம் வலை பின்னுகிறவர்கள் வைத்திருக்கும் வலை ஊசி இருக்கிறதே, அதில் ஊடை நூலைச் சுற்றிக்கொண்டால் குறுகலான துணிக்கும் சுவர்ப்படத்துக்கும் அதைவிட நல்ல நாடா (ஊடையைக் குறுக்கே ஓட்டும் கருவி) கிடையாது. விலையும் ஒன்றும் பெரிதில்லை.

வாழைநார் ஊடைக்கு மட்டும் சரிப்படும். ஈரத்துணியில் சுற்றி வைத்து, பதமாக இருக்கும்போது நெய்யுங்கள். காய்ந்தால் ஒடியும்.

பாவு நீளத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஓர் உதாரணம் போடலாம். கழுவித் தைத்து முடித்த பிறகு 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளத்தில் இரண்டு கைத்துண்டு வேண்டும்.

இரண்டுக்கும் 120 செ.மீ. மடித்துத் தைக்க நான்கு முனைக்கும் ஐந்தைந்து செ.மீ. விட்டால் 140. ஊடையைத் தாண்டி ஏறி இறங்குவதில் பாவு குறையும், கழுவும்போது சுருங்கும். இரண்டுக்குமாக இருபது சதவீதம் சேர்த்தால் 168. முன்னும் பின்னும் தறியில் கட்டி வீணாகும் பகுதிக்கு 50 செ.மீ. ஆக 218, சரி, 220 என்று வையுங்கள்.

அகலத்துக்கும் அதே இருபது சதவீதம்: 48 செ.மீ. சென்டிமீட்டருக்கு நான்கு நூல் வீதம் 192 பாவு நூல். 192-ஐ 2.2 மீட்டரால் பெருக்கினால் 422 மீட்டர். ஊடைக்கு 340 மீட்டர் போல வரும். மொத்தம் 760 மீட்டர், மேலே சொன்ன ஐந்திழை நூலில் கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். சாயம் போட்ட நூல் என்றால் கொஞ்சம் கூடுதலாகவே வாங்குங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது அதே நிறம் இருக்காது.

துணி நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிக்கொண்டே போகிறது. ஏன்?

ஊடையை நேராக இழுக்கிறீர்கள். நூல் பாவுக்கு மேலும் கீழும் வளைந்து போக வேண்டும், அதற்கு நீளம் வேண்டும். நாடாவைச் செலுத்தியதும் நூலைச் சாய்வாகவோ வில்லாகவோ விட்டுவிட்டு அப்புறம் அடியுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சரிசெய்யும் பழக்கத்தை விடுங்கள், குரோஷாவில் இழுத்து இறுக்கிய கைக்கு இது கஷ்டம்தான். துணியின் அகலத்தை விரித்துப் பிடிக்கும் பல்லுள்ள குச்சி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பாய், கனத்த விரிப்பு நெய்தால் வாங்குங்கள். மெல்லிய துணிக்கு வேண்டாம்.

முடிக்கும் வேலைக்கு என்னென்ன கருவி வேண்டும்?

கடைப்பட்டியலைப் பார்த்தால் தறி விலையைவிட இது அதிகமாகிவிடும். உண்மையில் தேவைப்படுவது: மழுங்கிய முனையுள்ள பெரிய காதுள்ள ஊசி இரண்டு, துணிக்கு மட்டுமே பயன்படுத்தும் கத்தரிக்கோல், கனமான இஸ்திரிப்பெட்டி. கத்தரிக்கோலைக் காகிதம் வெட்ட யாருக்கும் கொடுக்காதீர்கள், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒளித்தே வையுங்கள்.

குஞ்சம் முறுக்கும் கருவி என்று கிளிப் வைத்த ஒன்று வருகிறது. இரண்டு பிரி நூலையும் ஒரே பக்கமாக, துள்ளிச் சுருளும்வரை முறுக்கி, பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுகவிட்டு முடிச்சிட வேண்டும். கருவி செய்வது அவ்வளவுதான். ஒரு சால்வைக்குக் கை போதும். வரிசையாகச் சால்வை நெய்கிறவர் வாங்கினால் விரல்கள் வாழ்த்தும். சிறுமிகள் தலைமுடி முறுக்கும் பேட்டரி பொம்மையும் இதே வேலையைச் செய்யும்.

நூல்கழியை மாட்டிச் சுழலவிடும் குடை போன்ற ராட்டமும், உருண்டை சுற்றும் கருவியும் முடிக்கும் கருவிகள் அல்ல, ஆனாலும் கழி நூல் வாங்குகிறவருக்கு அவசியம். சிக்கிய கழியைப் பிரிக்க இன்னொரு ஆளின் இரண்டு கையும் தேவைப்படும், வீட்டில் அந்த ஆள் எப்போதும் கிடைக்க மாட்டார்.

உருளைக் கத்தி, ஊசி குத்தி விரிக்கும் பலகை போன்றவை பிறகு பார்க்கலாம். பலகைக்குப் பதில் பிள்ளைகள் விளையாடும் ஃபோம் பாய் போதும். குத்தும் ஊசி மட்டும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். நம் கடற்காற்றில் சாதா ஊசி ஒரே இரவில் துணியில் செம்புள்ளி வைத்துவிடும். அந்தக் கறை எளிதில் போகாது.

குஞ்சம் விடுவதா, மடித்துத் தைப்பதா?

தினமும் அடித்துத் துவைக்கிற துண்டுக்குக் குஞ்சம் வேண்டாம், மடித்துத் தையுங்கள். மேசை விரிப்புக்கும் சால்வைக்கும் தறியிலேயே ஓரத்தையல் போடுவது நல்லது. முதல் ஊடை ஓட்டும்போதே துணி அகலத்தைப்போல நான்கு மடங்கு நூலை ஓரத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். சில வரிசை நெய்ததும், பாவு இறுக்கமாக இருக்கையில், அந்த நூலை ஊசியில் கோத்து நான்கு நான்கு பாவு நூலாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போகலாம். தறியிலிருந்து வெட்டிய பிறகு இதைச் செய்யப் பார்த்தால் நூல் நழுவும்.

நெய்த துணியைக் கழுவாமல் பயன்படுத்தலாமா?

கூடாது. தறியிலிருந்து வெட்டியது இன்னும் துணி ஆகவில்லை. கையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், நூலுக்கு நூல் சின்னச் சின்ன ஜன்னல் தெரியும். விரலால் தள்ளினால் இழை நகரும். வெந்நீரில் போட்டதும் பருத்தி உப்பிச் சுருங்கி, ஜன்னல் மூடி, இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இருபது சதவீதம் சேர்த்தோமே, அதில் பாதி இந்த வேலைக்குத்தான்.

வெட்டியதும் இரண்டு முனையையும் தைத்துவிடுங்கள், அல்லது குஞ்சம் முடிந்துவிடுங்கள். விட்டுப்போன வரிசை, தொங்கும் வளையம் இருந்தால் ஊசியால் இப்போதே சரிசெய்யுங்கள், கழுவிய பிறகு முடியாது. உள்ளே செருகிய நூல் நுனியை மட்டும் இப்போது ஒட்ட வெட்டாதீர்கள். சுருங்கும்போது அது உள்ளே இழுபடும். கழுவி உலர்ந்த பிறகு வெட்டினால் போதும்.

சிவப்பும் நீலமும் இருந்தால் ஈர வெள்ளைத்துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் ஒட்டினால் குளிர்ந்த நீரில் தனியாக அலசுங்கள். மற்றபடி சூடான நீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, கையால் நன்றாகக் கசக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், பெரிய துண்டில் சுருட்டி அழுத்துங்கள்.

சாயமிடாத, வெளுக்காத நூலில் நெய்த துண்டு முதலில் தண்ணீரை உறிஞ்சாது. பஞ்சின் இயற்கை மெழுகு அதில் இருக்கிறது. வாஷிங் சோடா போட்டு ஒரு முறை கொதிக்கவைத்தால் மெழுகு போகும்.

பாதி உலர்ந்து ஈரப்பதம் இருக்கும்போதே தேய்க்க வேண்டும். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி அழுத்துங்கள். காய்ந்த துணியில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் அதே வழவழப்பு வராது.

கஞ்சி போடலாமா?

வேட்டி, மேசை விரிப்பு, குரோஷா ஓரம் ஆகியவற்றுக்குப் போடலாம். மரச்சீனி (மரவள்ளி) மாவுக் கஞ்சி தெளிவாக இருக்கும். சிவப்பரிசி வடித்த கஞ்சி வெள்ளைத் துணியில் நிறம் ஏற்றும். எடுத்து வைக்கப் போகிற துணிக்குக் கஞ்சி போடவே வேண்டாம், பூஞ்சையும் பூச்சியும் அதைத் தேடி வரும்.

மழைக்காலத்தில் எப்படிச் சமாளிப்பது?

ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று நமக்கு இரண்டு பருவமும் உண்டு. நெய்வதற்கு ஈரக்காற்று நல்லது. பருத்தி நூல் ஈரத்தில் பலம் கூடும், அறுவது குறையும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆடிக்காற்று வறண்டு வீசும்போது பாவு பட்டுப் பட்டென்று அறுவதற்கும் இதுதான் காரணம். தறிக்குப் பக்கத்தில் ஈரத்துணி தொங்கவிடுங்கள்.

தொல்லை எல்லாம் உலர்த்துவதில்தான். அடைமழை நாளில் துணியைத் தறியிலிருந்து வெட்டாதீர்கள், அல்லது வெட்டினாலும் நனைக்காதீர்கள். இரண்டு நாள் ஈரமாகக் கிடந்த பருத்தியில் கரும்புள்ளி விழுந்தால் எடுப்பது கஷ்டம். காத்திருக்க முடியாது என்றால், மின்விசிறிக்குக் கீழே கொடியில் ஒற்றையாக விரித்து, ஈரம் பாதி போனதும் இஸ்திரிப்பெட்டியால் மிச்சத்தை உலர்த்துங்கள்.

நெய்த துணியில் லேஸ் ஓரம் சேர்க்கலாமா?

நாகர்கோவில்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விதான். இலண்டன் மிஷன் சார்பில் வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், 1820-களில் இங்கே பெண்பிள்ளைகளுக்குத் தலையணை லேஸ் கற்றுக்கொடுத்தார். தலையணையில் ஊசி குத்தி, சின்னச் சின்ன மரக்குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னும் வேலை அது. பல பெண்களுக்குச் சொந்தக் காசு என்பதை முதலில் காட்டியது இந்த லேஸ்தான்.

துணி, லேஸ் இரண்டையும் தனித்தனியே கழுவிச் சுருக்கிய பிறகே இணையுங்கள். கழுவாத துணியில் லேஸ் தைத்தால், துணி மட்டும் சுருங்கி லேஸ் அலை அலையாக நிற்கும். குரோஷா ஓரத்துக்கும் இதே விதி.

வெட்டித் தைத்துச் சட்டை ஆக்கலாமா?

ஆக்கலாம். வெட்டப் போகிற கோட்டின் இரண்டு பக்கமும் தையல் எந்திரத்தால் நெருக்கமாக ஓட்டிவிட்டு, நடுவில் வெட்டுங்கள்.

இப்படி நெய்ததைக் கைத்தறி என்று சொல்லி விற்கலாமா?

1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறிதான். ஆகவே சொல்லலாம். கைத்தறி முத்திரை ஒட்டுவது வேறு விஷயம், அதற்கு முறைப்படி பதிவு செய்ய வேண்டும்.

விலை வைக்கும்போது கடைத்துண்டின் விலையைப் பார்க்காதீர்கள். நூல் விலையோடு பாவு ஓட்டிய நேரம், நெய்த நேரம், ஓரம் முடித்துக் கழுவித் தேய்த்த நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள். பலர் நடுவில் உள்ளதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். வடசேரிக்காரர் உழைத்து நெய்த வேட்டியின் விலையைக் குறைத்துக் காட்டும் அளவுக்கு மலிவாக நம் பொழுதுபோக்குத் துணியை விற்கவும் வேண்டாம்.

தறியைப் பயன்படுத்தாத மாதங்களில் எப்படி வைப்பது?

பாவு இருந்தால் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள். சட்டத்துக்கு வருடம் ஒரு முறை தேன்மெழுகு பூசலாம். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மழையில் சுவர் கசியும், கரையானும் அந்த வழிதான் வரும். பிளாஸ்டிக் உறையால் மூடாமல் பழைய வேட்டியால் போர்த்துங்கள்.